பானை இருந்த பக்கம்

நவம்பர் 22, சனிக்கிழமை.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. கடைசிக்கு முந்தைய வரியில், 'நல்லவேளையாக ஒரு பலா வேர்கூட அறுபடவில்லை' என்று எழுதியிருக்கிறேன். வேர் அறுபடவில்லை என்பது சரி. நல்லவேளையாக என்ற சொல் அங்கே வந்திருக்கக் கூடாது. அதை அடித்துவிடவில்லை. கீழே கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பரிமளா பேனாவை மூடினாள். பிறகு மறுபடியும் திறந்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். எதை எழுதினாலும் அவளுக்கு இப்படித்தான்.

ஆலங்குடி கடைவீதிக்குப் பின்னால், ஒரு மாடியில் நடக்கும் தட்டச்சு வகுப்புக்கு அவள் மாலை நேரத்தில் போய்வருகிறாள். தமிழ் இளநிலை. புத்தகத்தைப் பார்த்து அடித்தால் விரல்தான் பழகும், ஆளுக்கொரு பக்கம் தினமும் சொந்தமாக எழுதிவந்து அதை அடியுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கூடப் படிக்கிறவர்கள் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பரிமளா நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று கேட்கத் தயங்கியே அது பழக்கமாகிப் போயிற்று. தவறாக விழுந்த எழுத்தின் மேல் இன்னொரு எழுத்தை அடிக்கக் கூடாது என்பது அந்த வகுப்பின் சட்டம். பிழை பிழையாகவே இருக்கும். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழும், அவ்வளவுதான்.

நேற்றைய பக்கத்தை எழுதும்போது அதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. வீடே சந்தோஷமாக இருந்த நாள் அது.

வெள்ளிக்கிழமை காலையில் காக்கரட்டான் பூ எடுத்து முடித்து, கூடையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தபோது ஜேசிபி வரும் சத்தம் கேட்டது. கொல்லைக்கு மேற்கே ஓடும் வண்டிப்பாதை ஓரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகவே பேச்சு. பாதையை ஒட்டித்தான் பலா வரிசை நிற்கிறது. பதினெட்டு மரங்கள். கஜா புயலில் பழைய மரங்களெல்லாம் போன பிறகு, அதே வரப்பில் புதிதாக வைத்தவை. மாமனார் ஆவுடையப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்த குச்சியை எறிந்துவிட்டு ஓடினார். பரிமளா போய்ச் சேர்வதற்குள் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கையை இங்கிட்டு எறக்குனா மொதல்ல எம்மேல எறக்கு" என்றார்.

ஜேசிபி ஓட்டுகிற திருப்பதி எட்டிப் பார்த்தான். இளவட்டம், காதில் கயிறு மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு காதிலிருந்து மட்டும் அதை எடுத்தான்.

"நான் எங்கங்கய்யா எம் இஷ்டத்துக்குத் தோண்டுறேன். சுண்ணாம்புக் கோடு போட்டுக் குடுத்துருக்காங்க. கோட்டுல தோண்டுறேன்."

"கோடு போட்டவனுக்கு வேரு எங்க கெடக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது. ஒங்களுக்கு மட்டும் மண்ணுக்குள்ள பார்வை தெரியுமாக்கும்."

"பலா வேருடா அது. ஒண்ண அறுத்தா ஒரு கெளையே காஞ்சு போகும். ஏழு வருசமா பாத்துப் பாத்து வளத்தது."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. வண்டிகூடவே நடந்து வாங்க. வேரு தெரிஞ்சா கையக் காட்டுங்க, நிறுத்திர்றேன். அப்புறம் மம்முட்டியால தோண்டிக்கலாம். என்ன, பொழுது போயிரும். சாப்பாடு போடுவீங்கள்ல?"

அப்படியே செய்தார்கள். ஆவுடையப்பன் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். வாளி மண்ணை வாரும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை தூக்கி இறங்கியது. முதல் மரத்தில் வேர் வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. பாதி வரிசை போனபோது அவர் குனிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நடந்தார். கடைசி மரத்தையும் தாண்டியதும் திருப்பதி வண்டியை அணைத்தான்.

"என்னங்கய்யா, இதெல்லாம் பலா மரமா, கொடிக்கம்பமா? ஒண்ணுக்கும் வேரக் காணாம்."

ஆவுடையப்பன் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "எம் மரம் ஒதுக்கமான மரம்டா. அடுத்தவன் எடத்துல காலை நீட்டாது" என்றார்.

மாமியார் மீனம்மாள் சட்டி நிறைய மோரும், இலையில் சுற்றிய மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் பள்ளத்து மண்மேட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். அன்று இரவு அந்தப் பக்கத்தில் நல்லவேளையாக என்ற சொல் தானாக வந்து விழுந்தது.

அந்த மரங்களுக்கும் பரிமளாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அவள் கீரனூர்ப் பக்கத்துப் பெண். அவளைக் கட்டிக்கொண்டு நிலவழகன் கத்தாருக்குத் திரும்பிப் போனபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். பலா காய்ச்சிருச்சுன்னா வந்துருவேன், அப்புறம் எங்கயும் போகமாட்டேன் என்றான். அதைத் தன் அப்பா அம்மா எதிரிலேயே சொன்னான். போன வருஷம் சில மரங்கள் ஒன்றிரண்டு காய்த்து ருசி காட்டின. இந்தக் கார்த்திகை பிறந்ததும், பலா மூசு என்று இந்தப் பக்கம் சொல்கிற பிஞ்சு, அடிமரத்திலிருந்து கிளை வரைக்கும் கொத்துக் கொத்தாகத் தள்ளியிருந்தது. தினமும் காலையில் பூ எடுக்கப் போகும்போது அவள் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவாள். மூசைத் தொடமாட்டாள். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் ஆட்டுக்குட்டி ஒன்று பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. பள்ளம் வெட்டியதோடு சரி, குழாய் வந்து சேரவில்லை. திருப்பதியும் வண்டியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். பரிமளா புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். மார்பளவு ஆழம். குட்டியைத் தூக்கி மேலே விட்டுவிட்டு, ஏறுவதற்குக் கால் வைக்க இடம் தேடி இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தாள்.

பாதைப் பக்கத்துச் சுவரில் வேர்கள் அறுபட்டுத் தொங்கின. பெருவிரல் கனம், சுண்டுவிரல் கனம், நூல் கனம். பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பூவரச மரத்தினுடையவை. ஒரு வண்டிப்பாதையின் அடியிலேயே நடந்து இங்கே வரைக்கும் வந்திருக்கின்றன. திரும்பி மரங்கள் நிற்கிற சுவரைப் பார்த்தாள். மேலே கொஞ்சம் புல் வேர். அதற்குக் கீழே செம்மண். அதற்கும் கீழே செம்புறாங்கல். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மரம் அங்கிருந்து இரண்டு எட்டுதான்.

அவள் ஏறாமல் அப்படியே நின்றாள். பள்ளத்துக்குள்ளேயே கடைசி மரம் வரைக்கும் நடந்து பார்த்தாள். ஒருவேளை இன்னும் ஆழத்தில் இருக்கலாம். ஒருவேளை பலா வேர் பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கும், தனக்குத் தெரியவில்லையோ என்றும் நினைத்தாள்.

சந்தேகத்தோடு விட்டுவிட அவளால் முடியாது. மேலே ஏறி, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மரத்தின் கிழக்குப் பக்கம், வீட்டைப் பார்த்த பக்கம், போய் உட்கார்ந்து கீறினாள். ஒரு சாண் போவதற்குள் வேர் வந்துவிட்டது. ஒன்றல்ல. பாய் பின்னியது போல ஒன்றின் மேல் ஒன்று. அதற்கு நடுவில், கன்றாக இருந்தபோது தண்ணீர் ஊற்றப் புதைத்த மண்பானையின் கழுத்து தெரிந்தது. பானையை ஒட்டிப் போன ஒரு வேரை மண் தட்டிப் பார்த்தாள். பானையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் மட்டும் சல்லி வேர்கள் நெருக்கமாக முளைத்திருந்தன. வெளிப்பக்கம் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. சீப்புக்கு ஒரு பக்கம்தான் பல் இருக்கும், அந்த மாதிரி. ஒரே வேர்தான். ஈரம் இருந்த பக்கம் கிளைவிட்டிருக்கிறது, இல்லாத பக்கம் விடவேயில்லை. ஒரு வேர் செய்ததைத்தான் மரம் முழுக்கச் செய்திருக்கிறது.

அப்போதுதான் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவருகிற ரத்தினவேல். மொபெட்டின் பின்னால் எப்போதும் ஐஸ் பெட்டி இருக்கும். இன்றைக்குச் சாக்குதான் இருந்தது.

"மீனில்லத்தா. கருவாடுதான். டோக்கன் குடுக்க மாட்டேன்ட்டாங்க, ஒரு போட்டும் கடலுக்குப் போகல."

"ஏண்ணே?"

"கடல்ல என்னமோ சுத்துதாம். ரெண்டு மூணு நாள்ல தெரியுங்கிறாங்க."

"இங்கிட்டு வருமா?"

"வந்தா வரும். வடக்க போனாலும் போகும். எனக்கென்ன போன் போட்டா சொல்லப்போகுது?" அவன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். "என்னத்தா, வீட்டச் சுத்தி அகழி வெட்டிட்டீக? எந்த ராசா படையெடுத்து வாரான்?"

மீனம்மாள் உள்ளிருந்தபடியே, "நீதான் வாரியே, நாறுன கருவாட்டத் தூக்கிக்கிட்டு" என்றாள். ரத்தினவேல் சிரித்துக்கொண்டே திருக்கைக் கருவாட்டை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மீனம்மாள் அரிசி கழுவிய தண்ணீரில் கருவாட்டை ஊறப் போட்டுக் கழுவினாள். பரிமளா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். சொல்வதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே எல்லா வெங்காயத்தையும் உரித்து முடித்துவிட்டாள்.

"அத்தை, மரத்துக்கு மேக்கால வேரே இல்லத்தை."

"அதத்தான நேத்து எல்லாரும் பாத்தோம். நல்லதுதான."

"அறுபடாம இருக்குன்னு இல்லத்தை. இல்லவே இல்ல. எல்லா வேரும் கிழக்க, பானை இருந்த பக்கமே கெடக்கு. காத்து மேக்க இருந்து அடிச்சா மரத்தப் புடிச்சுக்க ஒண்ணும் இல்ல."

மீனம்மாளின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"பானைய நாந்தான் வச்சேன்."

"தப்புன்னு சொல்லலத்தை."

"வேற என்ன சொல்ற?"

பரிமளா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். மீனம்மாள் கருவாட்டின் மேல் இருந்த சொரசொரப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பேசியபோது பரிமளாவைப் பார்த்துப் பேசவில்லை.

"நீ அப்ப இங்க இல்ல. கஜா அடிச்சு ஒரு மரம் நிக்கல, ஒரு போஸ்ட் கம்பி நிக்கல. கொல்லை மோட்டாருக்குக் கரண்டு வர மாசி ஆயிருச்சு. கவருமெண்டுல சும்மா குடுத்த கன்னு, வாங்கி நட்டாச்சு. தண்ணி? மரத்துக்கு ஒரு பானையப் பொதச்சு, அடியில ஓட்டை போட்டுத் திரி போட்டு, நாந்தான் குடம் குடமா சொமந்து ஊத்துனேன். குழா வீட்டோரம் கெடக்கு. கன்னு பாதையோரம் கெடக்கு. இடுப்புல குடத்த வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தி அங்கிட்டுப் போயி ஊத்த முடியுமா? வர்ற வழியில கைக்கு எட்டுற பக்கம் வச்சேன். அடுத்த கோடையில ஊருல பாதிக் கன்னு கருகிப் போச்சு. எங்க கன்னு ஒண்ணு போகல. பதினெட்டும் நின்னுச்சு."

"தெரியுமத்தை."

"அப்புறம் சொட்டுநீர்க் குழா போட வந்த பய, எந்தப் பக்கம் போடணும்னு கேட்டான். ஒங்க மாமா சொன்னாரு, வேரு அங்கதான் கெடக்கு, அங்கயே போடுன்னு. வேரு இருக்குற எடத்துலதான தண்ணி விடணும். இல்லாத எடத்துல விட்டு யாருக்கு?"

அதில் ஒரு பிழையும் இல்லை. பரிமளா அதை மனசுக்குள் முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்தாள். பானையை வைத்தது சரி. குழாயை அங்கே போட்டதும் சரி. வேர் ஈரத்தைத் தேடிப் போனதும் சரி. எல்லாம் சரியாகச் சேர்ந்து இங்கே வந்து நிற்கிறது.

பின்கட்டு வாசலில் ஆவுடையப்பன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வரிசையில் எது நல்ல மரமோ அதைத்தான் அவர் தேர்ந்துகொண்டார். அடிப்பக்கம் இரண்டு கையும் சேர்த்துப் பிடித்தாலும் அடங்காத கனம், அதிக மூசு வைத்த மரம். "இதுக்கு இல்லாமப் போயிருமா?" என்று தன்னிடமே கேட்டுக்கொண்டு, மேற்குப் பக்கத்தில் தூரை ஒட்டித் தோண்டினார். செம்புறாங்கல்லில் கடப்பாரை பட்டுப் பட்டுத் தெறித்தது. பரிமளா மண்ணைத் தள்ளிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு வேர் வந்தது. மணிக்கட்டு கனம் இருந்தது. ஆவுடையப்பன் முகம் தெளிந்தது. கையாலேயே மண்ணைக் கிளறி அது போகும் வழியைத் தேடினார். மேற்கே ஒரு முழம் போயிருந்தது. அங்கே மெலிந்து, வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிக் கிழக்கே போயிருந்தது.

"யாரோ பேரச் சொல்லிக் கூப்புட்ட மாதிரி திரும்பியிருக்கு பாருத்தா" என்றார்.

அவர் அந்த வேரின் மேல் மண்ணைப் போட்டு மூடி, காலால் மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார்.

குழாய் வேலை பார்க்கிற மேஸ்திரிக்குப் போன் போட்டதில், திங்கட்கிழமை குழாய் வந்துவிடும், பதித்துவிட்டு மூடிவிடுவோம் என்றார். இப்போதே மூட முடியாதா என்று பரிமளா கேட்டாள். "மூடுனா திரும்பத் தோண்டணும்மா, எங்களுக்கென்ன வேண்டுதலா?" என்றார். ஆலங்குடி கடையில் முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு கேட்டபோது, மழைச் செய்தி வந்ததுமே எல்லாம் போய்விட்டது என்றார்கள்.

அவள் திரும்பி வந்து பார்த்தபோது ஆவுடையப்பன் சொட்டுநீர்க் குழாய்களைக் கிழக்கிலிருந்து உருவி மேற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வால்வைத் திறந்துவிட்டிருந்தார். ஏழு வருஷமாக மழை தவிர வேறு தண்ணீர் படாத மண், சொட்டு விழுந்த இடத்தில் கருத்து விரிந்தது.

"மாமா."

"சொல்லு."

"இப்ப தண்ணி விட்டா வேரு வராது மாமா. மண்ணுதான் எளகும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா?"

"நாளைக்கி வானம் விடப்போறத இன்னைக்கி நான் விட்டா என்ன?" என்றார். பிறகு குரலை இறக்கி, "சும்மா இருக்க முடியலத்தா" என்றார்.

பரிமளா வால்வை மூடலாம். நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தது. அவள் மூடவில்லை. பொழுது சாயும் வரைக்கும் அவர் ஒவ்வொரு சொட்டுவாயாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் மீனம்மாள் வந்து, யாரையும் கேட்காமல், வால்வை அடைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நிலவழகன் கூப்பிட்டான். பரிமளா பூக்கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள்.

"என்ன, வகுப்புக்குப் போகலியா?"

"இல்லங்க. மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

"ஒரு சேதி சொல்லணும். தையில வந்து நின்னு சொல்லலாம்னு வச்சுருந்தேன். அடக்க முடியல." அவன் குரல் சிரித்தது. "வேலைய விடுறேன்னு லெட்டர் குடுத்துட்டேன். போன வாரமே. அப்பாகிட்டச் சொல்லாத, நானே சொல்றேன்."

பரிமளா கூடையில் ஒட்டியிருந்த இதழ் ஒன்றைப் பிய்த்தெடுத்தாள்.

"என்ன பரிமளா, சந்தோசம் இல்லியா?"

"இருக்குங்க."

"பின்ன?"

அவள் சொன்னாள். பள்ளம், பூவரச வேர், பானை, திரும்பிப்போன வேர், கடலில் சுற்றுவது எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னாள். மறுமுனையில் டி.வி. சத்தம் கேட்டது, பிறகு அதையும் யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"மரமெல்லாம் நிக்குதுல்ல இப்ப?" என்றான்.

"நிக்குதுங்க."

"அப்பறம் என்ன. ஏழு வருசம் நின்ன மரம். நீ எதையும் ரொம்ப யோசிப்ப."

"நான் தப்பாக்கூடப் பாத்திருக்கலாங்க."

"லெட்டரத் திருப்பி வாங்குறதா இருந்தா திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க." பிறகு, "வாங்கணுமா?" என்றான்.

அவள் தெரியலங்க என்றாள். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. காற்று இல்லை. நேராக இறங்குகிற மழை. மூன்று பேரும் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு பள்ளத்தை மூட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி வந்து திட்டினால் திட்டட்டும் என்றார் ஆவுடையப்பன். இயந்திரம் ஒரு பொழுதில் வாரிப் போட்ட மண்ணைக் கையால் தள்ளுவது ஆகிற காரியமாக இல்லை. தள்ளிய மண் பள்ளத்தில் சேறாக உட்கார்ந்தது. மிதித்தால் முழங்கால் வரை வாங்கியது. இரண்டு மரத்து நீளம் கூட மூடியிருக்கமாட்டார்கள், மீனம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"சோறு திண்டுட்டு வருவோம். மரம் எங்க ஓடியா போயிரும்" என்றாள்.

கருவாட்டுக் குழம்பு நேற்று வைத்தது. இன்றைக்குத்தான் உப்பு ஏறிச் சரியாக இருந்தது. முதல் வாய் வைத்திருப்பார்கள். நெல்மூட்டையை மெல்ல இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். முறியும் சத்தம் எதுவும் இல்லை. மூன்று பேருமே கையை உதறாமல் வெளியே ஓடினார்கள்.

ஆவுடையப்பன் தோண்டிப் பார்த்த மரம் கிழக்கே விழுந்து கிடந்தது. ஒரு கிளை கூட ஒடியவில்லை. இலையெல்லாம் மழையில் பளபளவென்று இருந்தது, மூசெல்லாம் காம்பில் அப்படியே இருந்தது. படுத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. தூருக்கு அடியில் மேற்கே வெறும் குழி. கிழக்குப் பக்கத்து வேர் மடங்கி, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது. அதன் பிடியில் பானை மேலே தூக்கி நின்றது.

மீனம்மாள் சோற்றுக்கையோடு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை பானையின் மண்ணைக் கழுவிவிட்டது. அடியில் திரி போட்ட ஓட்டை வழியாக ஒரு வேர் உள்ளே நுழைந்திருந்தது. உள்ளே போய்க் கிளைவிட்டு, சுருண்டு சுருண்டு, பானையின் வயிறு முழுக்க வேராக இருந்தது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி ஐந்தாறு வருஷம் ஆகிறது.

"பானை ஒடயல பாரு" என்றாள். வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"எந்திரி" என்றார் ஆவுடையப்பன்.

"கழுத்துல ஒரு கீறல்கூட இல்ல."

"எந்திரி மீனம்மா. நனையாத."

அவள் எழுந்திருக்கவில்லை. பரிமளா போய்த் தன் சாக்கை எடுத்து அவள் தலையில் போட்டாள். மீனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எந்தப் பக்கத்தில் சேரும் என்று பரிமளாவுக்குத் தெரியவில்லை. கோபமாகவும் இருக்கலாம். நேற்று இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் கடப்பாரையை எடுத்திருக்கமாட்டார். அந்த மரத்தைத் தோண்டியிருக்கமாட்டார்.

ஆவுடையப்பன் மற்ற பதினேழு மரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். சிலது நின்றது. சிலது அசைந்ததா, மழையில் அப்படித் தெரிந்ததா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து, முகத்து மழையை வழித்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கித் தலையக் கழிச்சுருவோம். பாரம் கொறஞ்சாத்தான் நிக்கும்."

"மூசு?" என்றாள் மீனம்மாள்.

"தல இல்லாத மரம் மூசத் தாங்குமா. மூசோடதான்."

"கழிச்சா எத்தன வருசமாகும்?"

"நின்னாப் பாப்போம்" என்றார்.

"காத்து வராமப் போச்சுன்னா?"

ஆவுடையப்பன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ரத்தினவேல் சொன்னது போல அது வடக்கே போனாலும் போய்விடும். போய்விட்டால், ஒன்றும் வராத ஒரு நாளுக்காகப் பதினேழு மரத்தின் தலையை வெட்டிய வீடாக இந்த வீடு இருக்கும். போகாவிட்டால் என்ன என்பது கொல்லையிலேயே விழுந்து கிடந்தது.

பரிமளா விளக்கேற்றிவிட்டு நோட்டை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேதியைப் போட்டாள். மரம் விழுந்தது என்று எழுதினாள். மாமா தோண்டியதால் விழுந்தது என்று ஒரு வரி எழுத நினைத்தாள். அது சரியென்று அவளால் சொல்ல முடியவில்லை. வேர் இல்லாததால் விழுந்தது என்றும் நினைத்தாள். அதையும் சொல்ல முடியவில்லை. சொட்டுநீர் விட்டதால், மழையால், பள்ளத்தால், நான் சொன்னதால் என்று நாலைந்தும் மனசில் ஓடின. எதற்குக் கீழே கோடு போடுவது என்று தெரியாமல் ஒரு வரியை வெறுமையாக விட்டாள். பக்கத்து அறையில் மாமனாரும் மாமியாரும் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. வெளியே மழை, காற்று இல்லாமல், அதே நிதானத்தில் பெய்துகொண்டிருந்தது.

வெறுமையாக விட்ட வரிக்குக் கீழே எழுதினாள்:

நாளை காலை ரம்பத்துக்கு எண்ணெய் போட வேண்டும். கிழக்குப் பக்கக் கிளைகளிலிருந்து தொடங்க வேண்டும். மூசுகளைக் கூடையில் சேர்ப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்குள், கத்தாரில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன், போன் போட்டு லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.